காப்பு கட்டிய பின் எழுதிய பாடம்

இந்த நினைவு மலரில் நான் எழுதுவது பொருத்தமா என்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். தனலெட்சுமி டீச்சரோடு பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவரோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நானோ நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியாதவள். இரங்கல் கூட்டத்தில் என்னை அழைத்தபோதும் எழுந்து நின்றேன், அழுதேன், உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்தது எதையும் சொல்லவில்லை. அதை எழுதியாவது பார்க்கிறேன்.

செய்தி வந்த அன்று, பள்ளி முடிந்து கம்போங் ராஜாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எஸ்டேட் வேன் வரும்வரை பாயின் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பது டீச்சருக்கும் எனக்கும் வழக்கம். நான் அவரைத் தனம் அக்கா என்பேன். தனம் அக்கா மருத்துவமனைக்குப் போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் பாய் ரேடியோவை நிறுத்தினார். அந்த ரேடியோ நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஒக்காருங்க டீச்சர். தனம் டீச்சர் வீட்டுக்காரரு செல்வம் கே.எல். ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணுனாரு. ஆபரேசன் முடிஞ்சுதாம். ஆனா ஒங்க கூட்டாளி கண்ணு முழிக்கலையாம்."

"எப்ப முழிப்பாங்களாம் பாய்?" என்று கேட்டேன்.

அவர் எனக்கு வைத்த தேநீர்க் கிளாஸை ஒரு சாசரால் மூடினார். பிறகுதான், "இனிமே முழிக்க மாட்டாங்கம்மா" என்றார்.

தனம் அக்காவை அறியாதவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அவர் எங்கள் இடைநிலைப் பள்ளியில் புதுமுக வகுப்பின் ஆசிரியை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த தோட்டத்துப் பிள்ளைகள், எல்லாப் பாடமும் மலாயில் நடக்கும் இடைநிலைக் கல்விக்குள் நுழையும் முன், ஓராண்டு தங்கிப் போகும் வகுப்பு அது. அந்தப் பிள்ளைகளுக்காக அவர் தம் வீட்டுக் கணினியில் அறிவியல் பாடங்களைத் தமிழும் மலாயுமாக எழுதிவந்தார். ஒரு பக்கம் மலாய்ச் சொல், மறுபக்கம் தமிழில் விளக்கம், கீழே தோட்டத்திலிருந்தே எடுத்த ஓர் எடுத்துக்காட்டு. வெப்பம் என்றால் தேயிலை ஆலையின் உலர்த்தும் அடுப்பு. உராய்வு என்றால் மழையில் வழுக்கும் லோரிச் சக்கரம். அந்தப் பாடங்கள் இப்போது எங்கள் கையில் இருக்கின்றன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நானும் அதே வகுப்பில் உட்கார்ந்தவள்தான். முதல் வாரத்தில் அறிவியல் ஆசிரியர் "சஹாயா, சஹாயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அதைச் சகாயம் என்று எண்ணிக்கொண்டேன். யாரோ யாருக்கோ உதவி செய்யும் கதை என்று நினைத்துப் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். அது வெளிச்சம் என்று தெரிந்தபோது பாடம் முடிந்து பரீட்சையும் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் முடித்து இதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பியபோது இதைத் தனம் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு வருசம் பூராவும் அப்படித்தான்டி நெனச்சேன்" என்றார்.

அவர் என்னை ஒரு நாளும் பேர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், "ஏ யூனிவர்சிட்டி, இங்க வா லா" என்றுதான் கூப்பிடுவார். சந்தையிலும் கூப்பிடுவார். கோயிலிலும் கூப்பிடுவார். எனக்குக் காது சிவந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை கூப்பிடுவார்.

கணினி வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் கணவர் செல்வம் அண்ணன் எங்கள் தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். ஈப்போவில் யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய கணினியை வாங்கிவந்து, பிரித்துப் பார்த்து, ஓடவைத்தார். பச்சை எழுத்துத் திரை. தகவலைப் பதிய, கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. நாங்கள் டிஸ்க் என்போம். நான் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் கணினி வகுப்பில் பின்வரிசையில் இருந்திருக்கிறேன். அக்காவுக்குத் தட்டச்சு தெரியும். எங்கள் இருவரின் மொத்த அறிவும் அவ்வளவுதான்.

முதலில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதினோம். அதில்தான் சிக்கல் வந்தது. ஒளியும் ஒலியும் ஒரே எழுத்துகளாகிவிட்டன. "ஒளி நேர்க்கோட்டில் செல்லும்" என்று அவர் எழுதியதைப் பிள்ளைகள் சத்தம் நேர்க்கோட்டில் போகும் என்று படித்தார்கள். "அப்ப மூலையில நின்னா அம்மா திட்டுறது கேக்காதா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தனம் அக்கா அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "சகாயத்துலேருந்து தப்பிச்சு வந்து சத்தத்துல விழுந்துட்டோம்டி."

அந்த நேரத்தில்தான் செல்வம் அண்ணனின் கூட்டாளி ஒருவர் தமிழ் எழுத்து காட்டும் புதிய சிஸ்டம் டிஸ்க் ஒன்றை அனுப்பினார். பழைய முறையை விட்டுப் புதியதற்கு மாற வேண்டும். எங்களுக்கு அவசரம். டிஸ்கைப் போட்டதும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. "இனிஷியலைஸ் பண்ணவான்னு கேக்குது. ஆரம்பிக்கவான்னு அர்த்தம். அதான் வேணும்" என்று சொல்லி அக்கா ஆம் என்பதற்கான எழுத்தை அழுத்தினார். இயந்திரம் கரகரவென்று வெகுநேரம் ஓடியது. நாங்கள் சந்தோஷமாக வேடிக்கை பார்த்தோம். அது எதையும் ஆரம்பிக்கவில்லை. பாடங்கள் இருந்த தட்டைத் துடைத்து வெறுமையாக்கிக்கொண்டிருந்தது. ஒரு பருவ விடுமுறை முழுக்க எழுதியதெல்லாம் போய்விட்டது.

அவர் அழவில்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினார். அன்றைக்குத் தேவைக்கு மேல் நிறைய வெங்காயம் நறுக்கினார்.

திரும்ப எழுத உட்கார்ந்தோம். இந்த முறை நகல் எடுக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு. ஆனால் அதைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டுமே. "காப்பி எடுத்தாச்சா?" என்று அவர் அறையிலிருந்து குரல் கொடுப்பார். நான் பதில் சொல்லும் முன் செல்வம் அண்ணன் அடுப்படியிலிருந்து, "தேயிலத் தோட்டத்துல ஒக்காந்துகிட்டு ரெண்டு பேரும் எப்பப் பாத்தாலும் காப்பி கேக்குறீங்க. வீட்டுல தேத்தண்ணிதான் இருக்கு. வேணும்னா குடிங்க" என்பார். முதல் தடவை உண்மையாகவே கேட்டார். பிறகு வேண்டுமென்றே கேட்டார்.

அந்த ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தனம் அக்கா தீச்சட்டி எடுப்பதாக இருந்தார். மஞ்சள் கிழங்கைக் கட்டிய நூலைப் பூசாரி அவர் மணிக்கட்டில் கட்டினார். ஒலிபெருக்கியில் வழக்கமான அறிவிப்பு வந்தது: காப்புக் கட்டியாகிவிட்டது, திருவிழா முடியும்வரை யாரும் ஊர் எல்லை தாண்டி வெளியே தங்கக் கூடாது. தனம் அக்கா என் கையைக் கிள்ளினார்.

"கேட்டியா? இதான்டி நமக்கு வேணும். மொதல்ல காப்பு. காப்பு கட்டியாச்சுன்னா ஒரு எழுத்து சேக்கக் கூடாது, ஒரு எழுத்து அழிக்கக் கூடாது. எல்லாம் முடிஞ்சு, நல்லபடியா ஓடுதுன்னு பாத்துட்டுத்தான் அவுக்கணும்."

அன்றிலிருந்து எங்களுக்கு நகல் என்பது காப்பு. எந்தப் புது டிஸ்க் வந்தாலும், எந்த மாற்றம் செய்தாலும், "காப்பு கட்டியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். பள்ளியில் மற்ற ஆசிரியைகள் எங்கள் இருவருக்கும் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தார்கள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். டிஸ்கின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அதை மூடிவிட்டால் இயந்திரம் அதைப் படிக்கும், அதில் எழுதாது, அழிக்காது. அதற்கென்று ஒட்டும் தாள் உண்டு. எங்களிடம் அது தீர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த வெட்டின்மேல் ஒட்டினார். வேலை செய்தது. அன்று முதல் காப்பு டிஸ்க் எல்லாவற்றுக்கும் அரக்கு நிறப் பொட்டு.

"டிஸ்க்குக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்களா?" என்றார் செல்வம் அண்ணன்.

"ஆமா. இனிமே வேற யாரும் அதுல கை வைக்க முடியாது" என்றார் இவர்.

இரண்டாவது முறை புதிய சிஸ்டத்துக்கு மாறிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாளே காப்பு கட்டிவிட்டோம். மாற்றம் பாதியில் இருக்கும்போது ஆலை இன்ஜின் நின்று மின்சாரம் போய்விட்டது. மீண்டும் வந்தபோது திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக ஓடியது. தனம் அக்கா நிதானமாக எழுந்து பிஸ்கட் டின்னைத் திறந்து காப்பு டிஸ்கை எடுத்தார். சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றினோம். பாடங்களைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்தது. கடைசியில் அவர் தமிழ் எழுத்தில் முதல் சொல்லை அடித்தார். ஒளி. அந்த ளகரம் பச்சையாகத் திரையில் வந்து நின்றதைப் பார்த்து இருவரும் கை தட்டினோம்.

செல்வம் அண்ணன் மட்டும் கை தட்டவில்லை. "எல்லாம் வந்துருச்சா?" என்று இருமுறை கேட்டார். மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அவரும் ஒரு வரி அடித்து வைத்திருந்தாராம். அவர் வாழ்க்கையில் கணினியில் எழுதிய முதல் வரி. காப்பு கட்டிய பிறகு எழுதியது. அதனால் நகலில் இல்லை.

"என்ன எழுதுனீங்க?" என்று தனம் அக்கா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. விடு."

"சொல்லுங்களேன் லா."

"போனது போச்சு தனம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகும் பல நாள் அக்கா கேட்டுப் பார்த்தார். அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் காப்பு கட்டிய டிஸ்கை யாரும் தொட்டதில்லை.

தனம் அக்கா அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு. "எடுத்து வச்சியா"ன்னு கேக்காத, "தெறந்து பாத்தியா"ன்னு கேளு. நகல் எடுத்ததோடு வேலை முடிந்ததாக அவர் நினைத்ததில்லை. மறுநாள் பள்ளியில் இருக்கும் அதே வகைக் கணினியில் போட்டுத் திறந்து, ஒரு பாடத்தைக் கடைசி வரி வரை படித்துப் பார்த்தால்தான் நிம்மதி. எங்கள் மலையின் ஈரம் உங்களுக்குத் தெரியும். செருப்பில் பூசணம், சுவாமி படத்தில் பூசணம். ஒரு மழைக்காலத்தில் பொட்டு வைத்த டிஸ்க் ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. இயந்திரம் அதைப் படிக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு காப்பும் அரிசி போட்ட டின்னுக்குள் போனது. ஒரு டின் அவர் வீட்டில், ஒரு டின் என் வீட்டில்.

அவருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. மாடிப் படிக்கட்டில் நின்று பிள்ளைகளைத் திட்டுவது போல மூச்சு வாங்கிக்கொள்வார். திட்டத்தான் நிற்கிறார் என்று நினைத்தோம். மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும் அவர் செய்த முதல் வேலை, எல்லாப் பாடங்களுக்கும் காப்பு கட்டி டின்னை என்னிடம் கொடுத்ததுதான். நான் பள்ளியில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். இதயமும் இரத்த ஓட்டமும் பற்றிய பாடம் மட்டும் இல்லை. அதை அவர் எழுதாமல் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தது எனக்குத் தெரியும். அதனால் எதுவும் கேட்கவில்லை.

சிகிச்சைக்கு முதல் நாள் நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏ யூனிவர்சிட்டி, பஸ்ஸுல வாந்தி எடுத்தியா?"

"இல்லக்கா."

"பொய். மூஞ்சி கொழுந்து மாதிரி பச்சையா இருக்கு." சிரிக்க மூச்சு போதவில்லை. சற்றுப் பொறுத்துச் சொன்னார். "எனக்கும் புது சிஸ்டம் போடுறாங்கடி. பழைய வால்வ எடுத்துட்டுப் புதுசு. காப்பு கட்டிட்டுத்தான ஆரம்பிப்பீங்கன்னு டாக்டரக் கேட்டேன். சீன டாக்டர், பாவம், ஒண்ணும் புரியாம சிரிச்சாரு."

போர்வையை இழுத்து விட்டேன். செல்வம் அண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். அக்கா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்ணு பண்ணிட்டேன். காப்பு கட்டுனதுக்கு அப்புறம் ஊர விட்டுப் போயிட்டேன்டி."

மருத்துவமனையில் படுக்கை கிடைக்கக் காத்திருந்த நாட்களில் வீட்டில் அந்த இதயப் பாடத்தை எழுதியிருக்கிறார். "டாக்டர் படம் வரஞ்சு காட்டுனாரு. வால்வுக்கு மலாய்ல இன்ஜாப். நம்ம ஆலையில தண்ணிக் குழாய்ல இருக்குமே, ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது, அதான். எங்க வீட்டுக்காரரு மெஷினப் பத்திச் சொல்லுற மாதிரியே எழுதிட்டேன். இவரு நடந்து வந்தா என் நெஞ்சு எப்படி அடிக்கும்னு கூட எழுதியிருக்கேன், பிள்ளைங்க சிரிக்கட்டும்னு. காப்பு கட்ட வெறும் டிஸ்க் தீந்துபோச்சு. அந்த ஒண்ணு மெஷினுக்குள்ளேயே இருக்கு. பொட்டும் வைக்கல."

"நான் போய் எடுத்து வச்சிடுறேன்க்கா."

"நீ எடுக்காத." என் விரலைப் பிடித்துக்கொண்டார். "நான் வந்து எடுக்குறேன். வீட்டுக்குத் திரும்பி வர எனக்கும் ஒரு வேல இருக்கட்டும்."

அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

காரியங்கள் முடிந்த பிறகு இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனேன். கணினி இருக்கும் அறை சாத்தியிருந்தது. திரையின்மேல் அக்காவுடைய மஞ்சள் நிறத் துண்டு போர்த்தியிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பள்ளியிலிருந்து ஒருவர் அந்த இயந்திரத்தைக் கேட்டபோது செல்வம் அண்ணன், "அவ ஆஃப் பண்ணி வச்சது. அப்படியே இருக்கட்டும். யாரும் தொட வேணாம்" என்று சொன்னார் என அறிந்தேன். எனக்கு அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தேன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். வந்துவிட்டேன். இரண்டு முறையும் இதுவே நடந்தது.

தனம் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது எது என்று கேட்டால், டின்னில் இருக்கும் டிஸ்குகளைச் சொல்ல மாட்டேன். அவை பிள்ளைகளுடையவை. வகுப்பில் என் குரல் பின்வரிசை வரை இப்போது கேட்கிறது. பக்கத்து வகுப்பிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பேசப் பழகினேன், அப்படியே நிலைத்துவிட்டது. யாராவது எதையாவது பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றால், திறந்து பார்த்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன். நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டும்தான். அந்தக் கேள்வியை ஒருவரிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

செல்வம் அண்ணே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும். நேரில் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால் இத்தனை பேர் படிக்கும் இடத்தில் சொல்கிறேன். மன்னியுங்கள். அந்த இயந்திரத்துக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறது. அக்கா எழுதிய கடைசிப் பாடம் அதில் மட்டும்தான் இருக்கிறது. வேறு நகல் இல்லை. மழை தொடங்கிவிட்டது, பூசணம் பிடித்துவிட்டால் அதைத் திரும்ப எழுத ஆள் இல்லை. நீ எடுக்காதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதனால் நான் எடுக்க மாட்டேன். நீங்கள் எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறையைத் திறங்கள். புதிய டிஸ்குகளோடு வருகிறேன், எந்த விசையை அழுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்கிறேன். நகல் எடுத்து முடிந்ததும் அந்தப் பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். பிள்ளைகள் படிப்பதற்கு முன் நீங்கள் அதைப் படியுங்கள்.